அடியில் ஒரு பெயர்

ரூவியில் எங்கள் வீட்டில் உடையும் பொருள் எதையும் வாங்க மாட்டார்கள். "நாளைக்கு ஊருக்குப் போகணும்னா இதைப் பெட்டியில வைக்க முடியுமா?" என்பார் அம்மா. அப்பாவுக்கு வேலை இருக்கும்வரைதான் எங்களுக்கு விசா.

நாடு திரும்பிய ஒரு குடும்பம் விற்ற சாமான்களில், 2 ரியாலுக்கு ஒரு பூச்சாடி வாங்கினேன். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 'வல்லோரிஸ்' என்றிருந்தது. அது தெற்கு பிரான்ஸில் உள்ள குயவர் ஊர். 1946-இல் பிக்காசோ அங்கிருந்த மதூரா பட்டறைக்குப் போனார். பிறகு பல வருடம் அங்கே களிமண்ணில் வேலை செய்தார். என்னுடையது அவர் செய்ததல்ல, சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்தது. சேகரிப்பவர்கள் முதலில் அடியைத்தான் பார்ப்பார்கள்: ஊர்ப்பெயர் மட்டுமா, செய்தவர் பெயரும் உண்டா?

சாடிகள் மூன்றானதும் அம்மா கேட்டார்: "யாரோ ஊர்ப் பானை நமக்கெதுக்கு?"

பதில் சலாலா பக்கம் இருந்தது. அங்கே கோர் ரோரியில், சாம்பிராணி ஏற்றுமதியான பழைய துறைமுகத்தை இத்தாலிய ஆய்வாளர்கள் தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு பெயர்: ணந்தை கீரன். சுமார் 2000 வருடப் பழையது.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இந்தக் கீரன் ஊருக்குத் திரும்பிப் போனாராமா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. பெயர் இங்கதான் இருக்கு."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஷோகேஸில் எவர்சில்வர் டம்ளர்களை ஒதுக்கி, சாடிகளுக்கு இடம் விட்டார்.

உங்கள் வீட்டில் பழைய சாடி இருந்தால், ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.