79 பற்கள்

ஓசூர் சிப்காட் வட்டாரத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் மோட்டார் வண்டிகளின் உதிரிப் பாகங்களே உருவாகின்றன. அவற்றினிடையே, கைப்பிடியைச் சுழற்றினால் கிரகங்கள் சூரியனைப் பிரதட்சிணம் செய்யும் பித்தளை யந்திரங்களைப் பள்ளிக்கூடங்களுக்காக நான் செய்துவருவதை, லாபத்தைக் கருதிய காரியமென்று எவரும் சொல்லமாட்டார்.

இவ்வேலையில் இறங்குகிறவன், பருமனையும் தூரத்தையும் ஒரே பிரமாணத்தில் காட்டிவிடலாம் என்ற ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். 10 மி.மீ. பேரிங் குண்டு ஒன்றைப் பூமியாகக் கொண்டால், சந்திரன் 3 மி.மீ.க்கும் சற்றுக் குறைந்த குண்டாய் ஓரடித் தொலைவில் நிற்கும். ஆனால் சூரியன், எங்கள் லேத்தில் ஏற்ற முடியாத 109 செ.மீ. உருண்டையாய் 117 மீட்டருக்கு அப்பால் போய்விடும். நெப்டியூனை வைக்க மூன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாறாக, நெப்டியூனின் பாதையை அரை மீட்டர் ஆரத்துக்குள் அடக்கினாலோ, பூமியின் விட்டம் 1.4 மைக்ரான், எங்கள் மைக்ரோமீட்டரின் மிகச் சிறிய கோடு காட்டும் அளவில் ஏழில் ஒரு பங்கு. ஆகவே குண்டுகளைக் கண்ணுக்கு இசைந்த அளவில் கடைந்து, அவை வெறும் அடையாளங்களே என்று பலகையில் எழுதிவிடுகிறேன்.

சனிக்கு வளையம் வேண்டுமென்று எல்லாரும் கேட்கிறார்கள். யுரேனஸுக்குக் கேட்பவர் இல்லை. 1977 மார்ச் 10-ஆம் தேதி அக்கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்த வேளையில், இப்போதைய திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியருகே இருந்தவர்களும், நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே மங்கியதைப் பதிவு செய்தார்கள். மறைத்தது வளையம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அதை முன்னிட்டு யுரேனஸுக்கும் மெல்லிய கம்பி ஒன்று சுற்றிவிடுகிறேன், கேட்காவிட்டாலும்.

பருமனிலும் தூரத்திலும் பொய் சொல்லும் இந்த யந்திரம், வேகத்தில் மட்டும் உண்மை பேச முடியும்; விகிதத்துக்குப் பெரிது சிறிது கிடையாது. செவ்வாய் ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 687 நாள். ஆண்டுக்கொரு சுற்றுச் சுற்றும் தண்டில் 42 பல்லும், செவ்வாயின் குழாயில் 79 பல்லும் வைத்தால், 79 ஆண்டுகளில் விழும் பிழை இரண்டே நாள். 42 பல் வெட்டுவது எளிது: கைப்பிடி 40 சுற்றுச் சுற்றினால் ஸ்பிண்டில் ஒருமுறை திரும்பும் டிவைடிங் ஹெட்டில், துளைத் தட்டின் 21 துளை வட்டத்தில் கைப்பிடியை 20 துளை நகர்த்தினால் ஒரு பல். 79 பகா எண்; சாதாரணத் தட்டு எதிலும் அடங்காது. 80 பல்லுக்குரிய அரைச் சுற்றை 79 தடவை சுற்றினால் 39½ சுற்றே ஆகும். ஸ்பிண்டில் முழுதாய்த் திரும்ப 40 வேண்டும். மீதி அரைச் சுற்றைத் தட்டே கைப்பிடியுடன் அதே திசையில் நகர்ந்து ஈடுசெய்யும்படி, ஒன்றுக்கு இரண்டு விகிதத்தில் மாற்றுக் கியர் பூட்டுகிறோம். கடைசிப் பல், முதற்பல்லின் இடைவெளியில் கச்சிதமாக வந்து சேர்கிறதா என்று பார்க்கும்வரை பட்டறையில் யாரும் பேசுவதில்லை.

1682-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் தம் கிரக யந்திரத்தில் சனிக்கு 206-க்கு 7 என்ற விகிதத்தைக் கொண்டார். தொடர் பின்னங்களால் அதை அடைந்தது மிக நேர்த்தியான கணிதம். ஆனால் இன்றைய கட்டரால் வெட்டினால் 7 பல் பினியனின் அடி அரிந்துபோகும். எனவே அதே விகிதத்தை 103-க்கு 21, 108-க்கு 18 என இரண்டு ஜோடியாக நான் பிரித்துக்கொள்கிறேன். ஜோடி இரண்டானால் சனி மற்றக் கிரகங்களுக்கு எதிராகச் சுற்றத் தொடங்கும். அதைத் திருப்ப நடுவில் ஐட்லர் ஒன்று போட வேண்டும். அதன் பல் எத்தனையாயிருந்தாலும் கணக்கு மாறாது. கையிருப்பில் கிடக்கும் எந்தச் சக்கரமும் போதும்.