திமிங்கலமும் வாந்தி மாத்திரையும்

2023 ஜூன்ல சென்னையிலிருந்து இலங்கைக்கு சொகுசுக் கப்பல் விட ஆரம்பிச்சாங்க இல்லையா, அதுல அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். வேளச்சேரியை விட்டு அதிகம் வெளியே போகாதவங்க. கப்பல்ல ஒரு தொந்தரவும் இல்லை. அந்தத் தைரியத்துல திருகோணமலையில திமிங்கலம் பாக்க சின்னப் படகுல ஏறிட்டோம்.

தப்பு அங்கதான். பெரிய கப்பல் மாதிரி இல்லை, சின்னப் படகு ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். அரை மணி நேரத்துல அம்மாவுக்கு விடாம வாந்தி. ஊட்டி போறவங்களுக்கு நானே எழுதிக் கொடுக்கிற மாத்திரை, ரூம்ல இருந்துச்சு.

சர்க்கரை, பிபி ரெண்டும் உள்ளவங்க. நாடித்துடிப்பு 110. படகைத் திருப்பச் சொன்னேன். கூட வந்தவங்க முகத்தைப் பாக்கவே முடியலை.

"கீழே குனியாதம்மா, தூரத்துல வானமும் கடலும் சேர்ற இடத்தையே பாரு"ன்னேன். பாத்தாங்க. "அங்க என்னடா புகை?"ன்னாங்க. நீலத் திமிங்கலத்தோட மூச்சு! முதல்ல பாத்தது அம்மாதான். ஒரு நிமிஷம், வாலைத் தூக்கி முங்கிடுச்சு.

ஆழத்துல அதோட இதயம் நிமிஷத்துக்கு 2 தடவை வரைக்கும் குறைஞ்சு துடிக்குதுன்னு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. என்னோடது அன்னைக்கு எவ்வளவுன்னு எண்ணலை.

"எல்லார் டூரையும் கெடுத்துட்டேன்"னு அம்மா இன்னும் சொல்றாங்க. கெடுத்தது நான்.

மாத்திரையைப் படகு ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடுங்க. வாந்தி வந்தப்புறம் போட்டா அதுவும் வெளியேதான் வரும். தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க. க்ளாக்கோமா, ப்ராஸ்டேட் பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க.