வீடுகள் இல்லாத தெருக்கள்: கிரைஸ்ட்சர்ச்சில் மாணவர்கள் மண் அள்ளிய கதை!

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் ஏவன் ஆற்றை ஒட்டிக் கிழக்கே போனால், ஓரிடத்தில் கொஞ்சம் குழம்பித்தான் போவோம். தார்ச்சாலை இருக்கிறது. ஆனால், இரண்டு பக்கமும் வீடுகளைக் காணோம். வெறும் புல்வெளி. நடுநடுவே பழ மரங்கள். யாரோ தங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஆசையாக நட்டு வளர்த்தவை.

2010 செப்டம்பர் 4 அதிகாலை. 7.1 அளவிலான நிலநடுக்கம் நகரை உலுக்கியது. பெரும்பாலானோர் தூக்கத்தில் இருந்ததால் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், ஆற்றோரப் பகுதிகளில் பூமி வேறு வேலை காட்டியது. நீர் ஊறிய மணல் குலுங்கும்போது கெட்டித்தன்மையை இழந்து கூழாகிவிடும். அந்தச் சாம்பல் நிறச் சேறு தரையைப் பிளந்துகொண்டு தெருவிலும் தோட்டத்திலும் பொங்கியது.

கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவர் சாம் ஜான்சன், ஃபேஸ்புக்கில் சக மாணவர்களை உதவிக்கு அழைத்தார். நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். மீட்புப் பணிக்குப் பயிற்சி வேண்டும். சேறு அள்ள மண்வெட்டியும் தள்ளுவண்டியும் போதுமே! ‘மாணவர் தன்னார்வப் படை’ பிறந்தது இப்படித்தான்.

அடுத்த அடிதான் பேரிடி. 2011 பிப்ரவரி 22, பகல் 12.51 மணி. இந்த முறை 185 பேர் இறந்துபோனார்கள். பல்கலைக்கழகமே மூடப்பட்டது, பிறகு கூடாரங்களில் வகுப்பு நடந்தது. அந்த நிலையிலும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். சேற்றை அள்ளினார்கள், குடிநீர் கொடுத்தார்கள், தனியாக இருந்த முதியவர்களிடம் நலம் விசாரித்தார்கள்.

வேலை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு ஜூனிலும் டிசம்பரிலும் மறுபடி நடுக்கம், மறுபடி சேறு. சுத்தம் செய்த அதே தோட்டத்தை இன்னொரு முறை சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

இதற்கிடையே அரசு, இந்த நிலம் இனி குடியிருக்கத் தாங்காது என்று பல பகுதிகளைச் ‘சிவப்பு மண்டலம்’ ஆக்கியது. பெக்ஸ்லி, டாலிங்டன், ஏவன்சைடு போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளை அரசே வாங்கி இடித்தது. மாணவர்கள் வியர்வை சிந்தி மீட்ட வாசல்கள் பலவும் அதில் போயின.

அப்படியென்றால் அந்த உழைப்பு வீணா?

கழிவுநீர்க் குழாய் உடைந்து, மின்சாரம் போய், வாசலில் முழங்கால் அளவு சேறு. அதன் நடுவே தனியாக நிற்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். முன்பின் தெரியாத நாலு பிள்ளைகள் மண்வெட்டியோடு உள்ளே வருகிறார்கள். அன்றைக்கு அவருக்கு வழி பிறந்தது. பின்னால் அந்த வீடு போனது என்பதற்காக, அந்த உதவி இல்லையென்று ஆகிவிடுமா?

படையும் கலைந்துவிடவில்லை. 2020 கொரோனா ஊரடங்கில் முதியவர்களுக்கு மளிகைச் சாமான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது இதே அமைப்புதான். 2010-ல் மண் அள்ளியவர்கள் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். களத்தில் இறங்கியது அடுத்த தலைமுறை!