பத்து எங்கே போச்சு?

திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி தரும் முதல் தலைவலி இது: 'ரேஞ்ச்(1, 10)' என்று எழுதினால் எண்கள் 9-லேயே நின்றுவிடும். 10 வராது. வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சம். பக்கத்து சீட்டு சீனியரிடம் கேட்டால் ஆவடி வருவதற்குள் விளங்கிவிடும்: இரண்டாவது எண் எல்லை மட்டும்தான், கணக்கில் சேராது.

கேட்க ஆளில்லையா? சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் எடுத்த பைத்தான் பாடம் என்பிடெல் இணையதளத்தில் இலவசம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழிலேயே சொல்லித்தருகிறது.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி, தானே டைப் அடித்துப் பார்க்க வேண்டும். பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படிக்கலாம். என்ன தவறு என்பது அங்கே இருக்கும், வரி எண் அதற்கு மேலே. அந்தச் செய்தியையும் சேர்த்துக் காட்டிக் கேட்டால் எந்த சீனியரும் நழுவமாட்டார்.