ஆபத்து குறைவதுபோல் தோன்றும் கோடு

சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் எவ்வளவு காலம் உயிரோடிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. 200 பேரை எடுத்துக்கொள்வோம். பாதிப்பேருக்கு ஆண்டுக்கு 40 சதவீத ஆபத்து, மீதிப்பேருக்கு 10. யார் எந்தப் பக்கம் என்பது நமக்குத் தெரியாது. முதல் ஆண்டில் 50 பேர் போவார்கள்: 25 சதவீதம். மிஞ்சிய 150இல் அடுத்த ஆண்டு 33 பேர்: 22 சதவீதம். மூன்றாம் ஆண்டு 19ஐ ஒட்டி வரும். ஒருவருக்கும் ஆபத்து குறையவில்லை. நலிந்தவர்கள் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1979இல் வாபெல், மேன்டன், ஸ்டலார்டு மூவரும் இந்தப் பார்வையில் படாத வித்தியாசத்தை ‘ஃப்ரெயில்டி’ (நலிவு) என்றார்கள். ஒவ்வொருவரின் ஆபத்தையும் சராசரி 1 கொண்ட ஓர் எண்ணால் பெருக்கி, அந்த எண் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகிறது என்று மதிப்பிடுகிறோம். பெரும்பாலும் காமா பரவல்தான். கணக்குக்கு வசதி என்பதைவிட அதற்குப் பெரிய நியாயமில்லை.

ஆனால் மனிதனுக்கு ஒரே சாவு. ஆபத்துக் கோடு இறங்கியது நோயின் இயல்பாலா, ஆட்களின் கலவையாலா என்று தனியாட்களின் பதிவை மட்டும் வைத்துப் பிரிப்பது பெரும்பாடு. எதையாவது பங்குபோடும் கூட்டம் வேண்டும்: ஒரே வீடு, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பஞ்சாயத்து.

1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய வாய்ப்புற்று ஆய்வில் அப்படி 13 கூட்டங்கள். ஏழில், 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிப் பார்த்தார்கள். ஆறில் வழக்கமான கவனிப்பு. 2005இல் லான்செட்டில் வந்த முடிவு: புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைவு. எல்லோரையும் சேர்த்தால் 21. அது தற்செயலாகவும் இருக்கலாம். சேர்ந்தவர்கள் 1,90,000க்கு மேல், ஆனாலும் குலுக்கிப் பிரித்தது 13 கூட்டங்களைத்தான். ஓரிடத்துக்காரர்களின் வெற்றிலையும் பீடியும் ஆஸ்பத்திரித் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதானே. பதின்மூன்றை வைத்துச் சிதறலை அளக்கக் கை நடுங்கும்.

தெரிந்துகொள்ளக்கூடியதையும் ஃப்ரெயில்டியில் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்காது. திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போகிறவர்களில் குமரி, நெல்லைக்காரர்கள் நிறைய. ரயிலேறி ஊர் திரும்பி, பிறகு வராமல்போனவரைப் பதிவு பாதியில் நின்றவராகக் கொள்கிறோம். தொடர்ந்து வருகிறவருக்குள்ள அதே ஆபத்துதான் அவருக்கும் என்று அனுமானம். முடியாமல் படுத்ததால்தான் வரவில்லை என்றால்? வராமல்போவதையும் சாவையும் மறைந்திருக்கும் ஒரே எண்ணால் பிணைக்கும் மாதிரிகள் உண்டு. அவற்றைத் தொடுமுன், படிவத்தில் உறவினர் ஒருவரின் போன் நம்பரையும் வாங்கச் சொல்வேன். கூப்பிட்டுக் கேட்டுத் திருத்திய பிறகும் சிதறல் மிஞ்சினால் மாதிரிக்குப் போகலாம்.