சாலை ஆய்வாளரின் சிற்பக்கூடம்

ஒரே ஊடகத்தோடு நின்றுவிடாமல் கல், உலோகம், துணி, உடைந்த பாண்டம் எனப் பலவற்றை ஒரு படைப்பில் பிணைப்பதைக் கலப்பு ஊடகக் கலை என்பர். பழம்பொருள்களையும் கழித்துப்போட்டவற்றையும் கொண்டு இக்கலையைத் தாமே கற்று வளர்த்த இந்தியருள் முதலில் எண்ணத்தக்கவர் சண்டிகர் பாறைப் பூங்காவை உருவாக்கிய நேக் சந்த் (1924–2015). பிரிவினையால் ஊரிழந்து வந்து, பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராகச் சேர்ந்த அவர், புதிய நகருக்காக இடிக்கப்பட்ட சிற்றூர்களின் சிதைவுகளை மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, கட்டுமானம் தடைசெய்யப்பட்ட காட்டு நிலத்தில் 1950களின் இறுதி முதல் மறைவாகச் சேர்த்துவந்தார். அவ்வாறு உருவான பூங்காவை அரசு கண்டறிந்தபோது இடித்துத் தள்ளச் சட்டத்தில் இடமிருந்தும், 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டது.

பூங்காவினுள் குனிந்தே நுழைய வேண்டிய தாழ்ந்த வாயில்களைக் கடந்தால், வரிசை வரிசையாக நிற்கும் பெண்ணுருவங்களின் ஆடை முழுவதும் உடைந்த கண்ணாடி வளையல்களால் ஆனது என்பது அருகில் சென்ற பின்னரே புலப்படும். வளையல் துண்டின் இயல்பான வளைவே அங்கு மடிப்பாகவும் கொசுவமாகவும் பயன்பட்டிருக்கிறது. இரும்புக் கம்பியையோ பழைய மிதிவண்டிச் சட்டத்தையோ எலும்புக்கூடாக நிறுத்தி, அதன்மேல் சிமெண்டுக் கலவையைப் பூசி, கலவை இறுகுமுன் துண்டுகளைப் பதிப்பதே முறை. மிதிவண்டியின் இருக்கை விலங்கின் தலையாகவும் முன்கவை கால்களாகவும் மாறுகின்றன. இவரைப் போன்றோரைப் பயிற்சியற்ற, புறத்தே நிற்கும் கலைஞர் என்று மேலைநாட்டார் வகைப்படுத்துவதுண்டு. அவ்வகைப்பாடு பாதியே சரி. சிமெண்டு எவ்வளவு நேரத்தில் இறுகும், மேடு எங்கே சரியும், நீர் எவ்வழி வடியும் என்பவற்றை நாள்தோறும் பார்த்துப் பழகிய சாலை ஆய்வாளருக்குப் பணியிடமே பள்ளியாக இருந்தது.

திருப்பத்தூர் மாவட்டத்தின் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இத்தகைய பள்ளிக்குக் குறைவில்லை. காலணித் தொழிற்சாலையின் கட்டிங் பிரிவில் இருப்பவர், முதுகுத்தண்டை ஒட்டிய தோல் இறுக்கமானது, வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடுவது என்பதறிந்து, உண்ணிக் கடித் தழும்பையும் முள்வேலிக் கீறலையும் விலக்கி அச்சை வைக்கிறார். விலக்கப்பட்டதெல்லாம் துண்டுத் தோலாகக் குவிகிறது. எதைத் தள்ளுவது என்னும் அவர் தேர்ச்சி, எதை எடுப்பது என்னும் கலைஞனின் தேர்ச்சிக்கு மிக அருகிலுள்ளது. பிளாஸ்டிக் வந்தபின் வழக்கொழிந்த, காலின் வடிவில் கடைந்த மரக்கட்டைகளும் (காலணியை இழுத்து வடிவமைப்பதற்கானவை) பழைய இரும்புக் கடைக்கோ அடுப்புக்கோ போவதற்கு முன் யாரேனும் ஒருவர் பார்த்துப் பொறுக்கியெடுக்க வேண்டியவை.

எனினும் சண்டிகரின் முறையை இங்கே அப்படியே நடவு செய்ய இயலாது. தோல் ஈரத்தை உறிஞ்சி, உலரும்போது சுருங்கும். சிமெண்டின் காரமும் அதைக் கெடுக்கும். ஆகவே அதைக் கலவையில் பதிப்பதைவிட, நேக் சந்த் கிழிந்த துணிகளால் ஆளுயரப் பொம்மைகள் செய்ததைப் போலக் கம்பிச் சட்டத்தின்மேல் சுற்றியும் தைத்தும் மரத்தில் ஆணியடித்தும் உருவாக்குவதே பொருந்தும்.

இம்முயற்சியில் இறங்குவோர் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலின் துண்டுகளையே முதலில் நாட வேண்டும். குரோம் உப்பால் பதனிட்ட தோலின் சீவல் தூளைக் கையாளாதிருப்பது நல்லது. அத்தோலில் மிஞ்சிய துண்டுகளை எக்காரணம் கொண்டும் எரிக்கலாகாது, ஏனெனில் வெப்பத்தில் அவற்றிலுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கவல்ல ஆறிணைதிற வடிவத்துக்கு மாறக்கூடும்.