தொண்ணூறு நாள்

சீபீல்டு தோட்டம் 1976-இல் சுபாங் ஜெயா நகராக மாறத் தொடங்கியது. மனு எழுதத் தமிழாசிரியரை நாடும் தோட்டத்து வழக்கம் மட்டும் இன்னும் முற்றாக மறையவில்லை.

1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ வழங்கும் இயலாமை ஓய்வூதியம், இயலாமை நீடிக்கும்வரைதான். மருத்துவக் குழு 'இவர் உழைக்க வல்லவர்' என முடிவு செய்தால் பணம் நின்றுவிடும். மேல்முறையீட்டு மருத்துவக் குழுவை நாட 90 நாள் தவணை உண்டு.

ஆசிரியரோ (பழக்கம் விடுமா?) 'கருணை கூர்ந்து' என்று தொடங்கி, பிள்ளைகளின் பசியையும் வாடகைப் பாக்கியையும் உருக்கமாக எழுதிவிடுகிறார். சட்டம் கேட்பது வேறு. நலமுள்ள தொழிலாளி வழக்கமாக ஈட்டும் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கையேனும் இவரால் ஈட்ட இயலுமா என்பதே அதன் வினா. எவ்வளவு நேரம் நிற்கிறார், எவ்வளவு எடை தூக்குகிறார், எந்த வேலையை ஏன் விட்டார் என்பனவற்றோடு மருத்துவர் அறிக்கையும் வேண்டும். அவ்வறிக்கைக்காக மருத்துவமனையில் காத்திருக்கும் நாள்களும் அந்த 90-க்குள்தான் அடங்கும்.